மெல்லும் திறனை அளப்பது: சல்லடையிலிருந்து செல்போன் வரை

எழுபதைத் தாண்டிய ஒருவரிடம் "சாப்பாட்டை நல்லா மென்னு சாப்பிட முடியுதாங்க?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒரு குறையும் இல்லை" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகப் போகப் போக, அவருடைய சாப்பாடும் கூடவே மாறி வந்திருக்கிறது. முறுக்கு டீயில் ஊறிய பிறகே வாய்க்குள் போகிறது. பீன்ஸ் பொரியலும் கறித்துண்டும் தட்டின் ஓரத்தில் ஒதுங்குகின்றன. குக்கரில் சாதத்துக்கு ஒரு விசில் கூடியிருக்கிறது. வெற்றிலை பாக்கு சின்ன உரலில் இடிபட்டு வருகிறது. பல வருஷங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்த மாற்றம் என்பதால் அவரும் கவனிக்கவில்லை, வீட்டாரும் கவனிக்கவில்லை. மெல்லத் தேவையில்லாத சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, மெல்ல முடிகிறது என்கிறார்.

இது நம் ஊர்ப் பெரியவர்களுக்கு மட்டும் உள்ள பழக்கம் அல்ல. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் நெடுங்காலம் மெல்லுதலை ஆராய்ந்த ஆண்ட்ரீஸ் வான் டெர் பில்ட், 2011இல் எழுதிய தொகுப்புக் கட்டுரையில் இதைத் தெளிவாகச் சொல்கிறார். ஒருவர் தன் மெல்லும் திறனைப் பற்றிச் சொல்வதற்கும், சோதனையில் தெரிவதற்கும் உள்ள உறவு பலவீனமானது. பலர் தங்களைக் கூடுதலாகவே மதிப்பிட்டுக்கொள்கிறார்கள். ரத்த அழுத்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாததுபோல இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அளக்கத்தான் வேண்டும். எப்படி அளப்பது என்பதில் கடந்த எழுபது ஆண்டுகளில் நிறைய முன்னேற்றம் வந்திருக்கிறது. எதை அளக்கிறோம் என்பதில்தான் இன்னும் குழப்பம்.

அளவீட்டின் முதல் கருவி சல்லடை. 1950இல் அமெரிக்காவில் மேன்லி, பிரேலி என்ற இருவர் வெளியிட்ட முறை நீண்ட காலம் அடிப்படையாக இருந்தது. நிலக்கடலையைக் கொடுத்து, இத்தனை தடவை என்று எண்ணி மெல்லச் சொல்வார்கள். விழுங்கக் கூடாது. துப்பியதை நீர் ஊற்றிச் சல்லடையில் அலசி, எவ்வளவு கீழே இறங்கியது, எவ்வளவு மேலே தங்கியது என்று பார்ப்பார்கள். இறங்கியது அதிகமென்றால் மெல்லும் திறனும் அதிகம். எளிய தர்க்கம்தான். ஆனால் கடலைக்குக் கடலை வேறுபடும். ஒன்று வறுபட்டது, ஒன்று நமுத்தது, ஒன்று எச்சிலில் ஊறிக் கரைவது. சென்ற மாதம் மென்ற கடலையையும் இந்த மாதம் மென்ற கடலையையும் ஒப்பிட்டால் வேறுபாடு பல்லினுடையதா, கடலையினுடையதா என்று சொல்ல முடியாது.

அதனால் 1980களில், பல் அளவெடுக்கப் பயன்படும் சிலிக்கோன் பசையிலிருந்து செயற்கை உணவு செய்யத் தொடங்கினார்கள். உட்ரெக்ட் குழுவினர் பயன்படுத்திய ஆப்டோகால் என்ற பொருளை 5.6 மி.மீ. கனசதுரங்களாக வெட்டி, ஒரு வாய்க்கு 17 துண்டுகள் கொடுப்பார்கள். மென்று துப்பியதைக் கழுவி, உலர்த்தி, பெரிய கண்ணிலிருந்து சிறிய கண் வரை அடுக்கிவைத்த சல்லடைகளில் அதிரவைத்துச் சலிப்பார்கள். ஒவ்வொரு சல்லடையிலும் தங்கியதை எடைபோட்டு, எடையில் சரிபாதி எந்த அளவுக் கண்ணைக் கடந்து இறங்கும் என்று கணக்கிடுவார்கள். அந்த ஒற்றை எண்தான் மெல்லும் திறன். எண் சிறுத்தால் திறன் பெருத்திருக்கிறது. இன்றும் துல்லியத்துக்கு இந்த முறையைத்தான் உரைகல்லாக வைக்கிறார்கள். ஆனால் ஒரு நோயாளிக்கே நெடுநேரம் பிடிக்கும். ஆய்வுக்கூடம் வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். ரப்பர்த் துண்டை வாயில் போட்டுக் கடிக்க எல்லோரும் சம்மதிப்பதும் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. மேல் கீழ் இரண்டுக்கும் பல்செட் போட்டவர்களில் பலரால் அந்தத் துண்டுகளை உடைக்கவே முடிவதில்லை. யாரை முக்கியமாக அளக்க வேண்டுமோ அவர்களிடமே இந்தக் கருவி தோற்றுப்போகிறது.

இந்த இடத்தில்தான் சூயிங்கம் வந்தது. யோசனை மிகச் சின்னது. இரண்டு நிறச் சூயிங்கத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மெல்லச் சொல்ல வேண்டும். நிறங்கள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று பார்த்தால், வாய் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்துவிடும். சுவீடனில் லீட்பெர்க் போன்றோர் 1990களிலேயே இதைச் செய்தார்கள். ஆனால் அப்போது கலவையைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்தார்கள். 2007இல் மார்ட்டின் ஷிம்மல், ஃபிரௌக்கே முல்லர் உள்ளிட்ட ஜெனீவா குழுவினர் இதை எண்ணாக மாற்றும் வழியைக் காட்டினார்கள்.

அவர்கள் செய்ததை அருகிலிருந்து பார்ப்போம். கடையில் விற்கும் பட்டைச் சூயிங்கம், ஒன்று நீலம், ஒன்று இளஞ்சிவப்பு. ஒவ்வொன்றிலும் 30 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, இரண்டையும் ஒட்டி வாயில் போட்டு, 20 தடவை மெல்லச் சொல்கிறார்கள். எண்ணுவது சோதிப்பவரின் வேலை. மெல்பவர் எண்ணத் தொடங்கினால் கவனம் எண்ணிக்கைக்குப் போய் மெல்லும் தாளமே மாறிவிடும். துப்பிய சூயிங்கத்தைக் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் பையில் போட்டு, 1 மி.மீ. கனத்துக்குத் தட்டையாக அழுத்துகிறார்கள். பிறகு அலுவலக மேசையில் இருக்கும் சாதாரண ஸ்கேனரில் இரண்டு பக்கமும் படம். அந்தப் படத்தில் கலக்காமல் தங்கிய நீலம் எத்தனை பிக்சல் என்று போட்டோஷாப்பில் எண்ணினார்கள். அவ்வளவுதான். பையின் மேல் நோயாளியின் எண்ணையும் தேதியையும் எழுதிவிட்டால், படம் எடுக்கும் வேலையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இந்தச் சின்ன வசதிதான் சோதனையை ஆய்வுக்கூடத்திலிருந்து முதியோர் இல்லத்துக்கும் வீட்டுக்கும் கொண்டுபோனது என்பது என் எண்ணம்.

போட்டோஷாப் முறையில் ஒரு ஓட்டை இருந்தது. எது "கலக்காத நீலம்" என்று தீர்மானிப்பதில், கணினியில் உட்கார்ந்திருப்பவரின் கைக்கும் பங்கு உண்டு. 2013இல் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தின் டிமெட்ரியோஸ் ஹலசோனெடிஸ், ஷிம்மல் உள்ளிட்டோருடன் சேர்ந்து 'வியூ-கம்' என்ற மென்பொருளை வெளியிட்டார். இது ஒவ்வொரு பிக்சலின் நிறச்சாயலையும் எடுத்துக்கொள்கிறது. நிறச்சாயல் என்பது ஒரு வட்டத்தில் உள்ள கோணம். சிவப்பு ஓரிடம், பச்சை ஓரிடம், நீலம் ஓரிடம் என்று வட்டத்தைச் சுற்றி நிறங்கள் நிற்கின்றன. கலக்காத சூயிங்கத்தின் பிக்சல்கள் அந்த வட்டத்தில் இரண்டு இடங்களில் குவிந்து நிற்கும். மெல்ல மெல்ல இரண்டு குவியல்களும் நெருங்கி, கடைசியில் நடுவே ஒரே ஊதாக் குவியலாகச் சேரும். பிக்சல்கள் வட்டத்தில் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற கணக்கே அளவு. சிதறல் குறைந்தால் கலவை நன்று, மெல்லும் திறன் நன்று. ஆள் கையால் தொட்டுத் தீர்மானிக்க வேண்டிய இடம் மிகவும் குறைந்துபோயிற்று.

ஸ்கேனரின் இடத்துக்குச் செல்போன் வருவது இயல்பான அடுத்த படி. சுவிட்சர்லாந்தில் இந்தச் சோதனைக்கென்றே 'ஹியூ-செக்' என்ற இருநிறச் சூயிங்கமும், அதைப் படமெடுத்துக் கணக்கிடும் செல்போன் செயலியும் வந்திருக்கின்றன. இதற்கென்று தனியாகச் சூயிங்கம் செய்தது தேவையான வேலை. கடைச் சரக்கை நம்பினால், நிறுவனம் ஒரு நிறத்தையோ சுவையையோ மாற்றிய அன்று பழைய அளவுகள் எல்லாம் ஒப்பிட உதவாமல் போய்விடும்.

செல்போனில் ஆபத்துகளும் உண்டு. ஸ்கேனருக்குள் வெளிச்சம் எப்போதும் ஒன்றுதான். செல்போனுக்கு வெளியே டியூப்லைட், மஞ்சள் பல்பு, ஜன்னல் வெயில் என்று ஆயிரம் வெளிச்சம். போதாததற்கு, இன்றைய போன்கள் படத்தைத் தாங்களாகவே மெருகேற்றுகின்றன. நிறத்தைக் கூட்டுகின்றன, நிழலை நீக்குகின்றன. முகத்துக்கு அழகு சேர்க்கும் அந்த வேலை சூயிங்கத்தின் அளவைக் கெடுத்துவிடும். நிறச்சாயல் என்ற அளவு வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை ஓரளவு தாங்கும். வெளிச்சத்தின் நிறம் மாறினால் தாங்காது. எனவே படத்திலேயே ஒரு வெள்ளை அட்டை இருக்க வேண்டும். தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே நோயாளியை முன்னும் பின்னும் ஒப்பிடும்போது ஒரே போனும் ஒரே வெளிச்சமும் இருப்பது நல்லது. விலையில்லாமல் கிடைக்கும் இமேஜ்-ஜே போன்ற மென்பொருளில் இதே கணக்கைப் போடலாம் என்பதால் செயலிக்குக் காசு கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கண்ணால் பார்த்து ஐந்து படிகளில் தரம் பிரிக்கும் பழைய முறையையும் நான் ஒதுக்க மாட்டேன். மிக மோசமாக மெல்பவரைக் கண்டுபிடிக்கக் கண் போதும். சிகிச்சைக்குப் பின் வந்த சிறு முன்னேற்றத்தைப் பார்க்கத்தான் பிக்சல் தேவைப்படுகிறது.

ஏன் 20 தடவை? ஐந்தாறு தடவையோடு நிறுத்தினால் நன்றாக மெல்பவரும் மோசமாக மெல்பவரும் ஒன்றுபோலத் தெரிவார்கள். ஐம்பது அறுபது தடவை விட்டால் எல்லோருடைய சூயிங்கமும் ஊதாவாகிவிடும். இடையில் எங்கோ ஓரிடத்தில்தான் மனிதருக்கு மனிதர் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. 20 அங்கே விழுகிறது.

ஆனால் இருநிறச் சூயிங்கம் அளப்பது எதை? அது உடைப்பதை அளக்கவில்லை, பிசைவதை அளக்கிறது. கடலையையும் சிலிக்கோனையும் பல் உடைக்கிறது. சூயிங்கத்தைப் பல்லுக்கு நடுவே தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடியும் தள்ளுவது நாக்கும் கன்னமும் உதடும். இந்த வேறுபாட்டின் பொருளைப் பக்கவாத நோயாளிகளிடம் பார்க்கலாம். ஷிம்மல் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாதம் வந்தவர்களின் மெல்லும் திறன் குறைந்திருந்தது. உதட்டின் விசையும் குறைந்திருந்தது. ஆனால் பாதிக்கப்பட்ட பக்கத்தின் கடிக்கும் விசைக்கும் மறுபக்கத்தின் கடிக்கும் விசைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பல்லும் தாடைத் தசையும் இருந்தும், உணவைப் பல்லுக்குக் கொண்டுசேர்க்க ஆள் இல்லை. பல்லை மட்டும் எண்ணிப் பார்க்கும் பரிசோதனையில் இவர்கள் "நலம்" என்று வெளியே வந்துவிடுவார்கள். சூயிங்கம் பிடித்துவிடும். மறுபக்கம், முன்பல் தேய்ந்து கடைவாயில் இரண்டொரு பல்லோடு இருக்கும் ஒருவர் சூயிங்கத்தை அழகாகப் பிசைந்துவிட்டு, கரும்புத் துண்டின் முன்னால் தோற்கலாம். ஒரே சோதனை இரண்டையும் சொல்லாது.

ஜப்பான் வேறு பாதையில் போயிருக்கிறது. எண்பது வயதில் இருபது பல் என்ற இயக்கத்தை 1989இலேயே தொடங்கிய நாடு அது. அங்கே இரண்டு கிராம் எடையுள்ள ஒரு கம்மி மிட்டாயை 20 விநாடி மெல்லச் சொல்கிறார்கள். பிறகு வாயில் பத்து மில்லி தண்ணீர் விட்டுக் கொப்பளித்து வடிகட்டியில் துப்ப வேண்டும். வடிந்த நீரில் எவ்வளவு குளுக்கோஸ் என்று கையடக்கக் கருவி சொல்லும். மிட்டாய் எவ்வளவு சிறு துண்டுகளாக உடைகிறதோ, அவ்வளவு பரப்பு நீருக்குத் திறக்கிறது, அவ்வளவு சர்க்கரை வெளியே வருகிறது. சல்லடை செய்த வேலையைச் சர்க்கரை செய்கிறது. டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மெல்லும் திறன் குறைவு. வாயின் செயல்திறன் குறைவை ஒரு நோயாகவே வகைப்படுத்தி, ஏழு அம்சங்களில் மூன்று குறைந்தால் அந்த நோய் இருப்பதாக வைத்து, 2018 ஏப்ரல் முதல் அரசு மருத்துவக் காப்பீட்டிலும் சேர்த்திருக்கிறார்கள். மெல்லுதல் அந்த ஏழில் ஒன்று. அங்கே ஒரு நிறம்மாறும் சூயிங்கமும் புழக்கத்தில் உண்டு. மெல்லும்போது மஞ்சளும் நீலமும் எச்சிலில் கரைந்து போக, உள்ளிருக்கும் அமிலம் குறையக் குறையச் சிவப்பு எழும். பச்சை சிவப்பாவதை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். காப்பீடு பணம் கொடுக்கிறது என்றதும் சோதனை பல் மருத்துவரின் அன்றாட வேலையாகிவிடுகிறது. இந்த ஒரு முடிவு பத்துப் புதிய செயலிகளைவிடப் பெரியது.

எண்ணும் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஷார்ப் நிறுவனத்தின் 'பைட்ஸ்கேன்' காதில் மாட்டிக்கொள்ளும் கருவி, தாடை அசைவைக் கொண்டு எத்தனை தடவை மெல்கிறோம் என்று எண்ணும். எத்தனை தடவை என்பது எவ்வளவு நன்றாக என்பதற்குப் பதிலாகாது. நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஹொரேஸ் ஃப்ளெச்சர், உணவு வாயிலேயே கூழாகும் வரை எண்ணி மெல்லச் சொல்லி ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். எண்ணிக்கையையே இலக்காக்கும் ஆசை அன்றிலிருந்தே இருக்கிறது. பல் போனவரும் அதிக தடவை மெல்வார், அது திறன் அல்ல, ஈடுகட்டல். எண்ணிக்கை பயன்படுவது வேறொரு சோதனையில். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் மேகி-லீ ஹக்கபீ குழுவினர் உருவாக்கிய முறையில் ஒரு பிஸ்கட்டைச் சிரமமில்லாமல் முடிந்த அளவு வேகமாகச் சாப்பிடச் சொல்லி, எத்தனை கடி, எத்தனை மெல்லல், எத்தனை விழுங்கல், மொத்தம் எவ்வளவு நேரம் என்று குறிக்கிறார்கள். செல்போனில் வீடியோ எடுத்துவைத்தால் போதும். உண்மையான உணவு, உண்மையான விழுங்கல். அதனால்தான் இது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏனென்றால் இந்தத் துறையின் ஆழமான கேள்வி விழுங்கும் கணத்தில்தான் இருக்கிறது. பிரான்ஸின் கிளெர்மோன்-ஃபெர்ராங் நகரில் அலென் வோதா, மாரி-ஆக்னெஸ் பேய்ரோன் ஆகியோரின் குழு, ஆரோக்கியமான பல் உள்ளவர்களிடம் கேரட், கடலை போன்ற இயற்கை உணவுகளைக் கொடுத்து, விழுங்கப்போகும் தருணத்தில் துப்பச் சொன்னது. ஒருவர் குறைந்த தடவையே மென்றார், இன்னொருவர் அதிக தடவை மென்றார். ஆனால் விழுங்கத் தயாரான கவளத்தில் துகள்களின் அளவு ஆளுக்கு ஆள் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருந்தது. உடம்பு ஓர் இலக்கு வைத்திருக்கிறது, அதை அடையும் வரை மெல்கிறது. 2010இல் இதே குழு, பச்சைக் கேரட்டை வைத்து ஓர் எல்லைக் கோட்டை முன்வைத்தது: விழுங்கத் தயாரான கவளத்தில், எடையில் சரிபாதி கடந்து இறங்கும் சல்லடைக் கண்ணின் அளவு 4 மி.மீ.க்கு மேல் போனால் மெல்லுதல் இயல்பாக இல்லை. விழுங்கச் சிரமப்படுவோருக்கான உணவை வகைப்படுத்தும் சர்வதேசத் தரத்திலும், பெரியவர்களுக்குப் பொடியாகக் கொத்திய ஈரமான உணவில் துண்டின் அகலம் 4 மி.மீ.யைத் தாண்டக் கூடாது என்றே இருக்கிறது.

ஆக இரண்டு வேறு கேள்விகள். இருபது தடவையில் எவ்வளவு செய்ய முடியும் என்பது திறன். விழுங்கும்போது உணவு எந்த நிலையில் இருக்கிறது என்பது விளைவு. திறன் குறைந்தவர் பொறுமையாக நாற்பது தடவை மென்று நல்ல கவளத்தை விழுங்கலாம். அவருக்கு நேரம்தான் செலவு. திறன் குறைந்து, பொறுமையும் இல்லாமல் பெரிய துண்டுகளை விழுங்குபவருக்குத்தான் மூச்சடைக்கும் ஆபத்து. செயலிகள் இன்று அளப்பவை பெரும்பாலும் முதல் கேள்வியை. நோயாளிக்கும் வீட்டாருக்கும் அதிகம் தேவைப்படுவது இரண்டாவதற்கான பதில். சோதனை முடிவைக் கையில் வாங்கும் ஒவ்வொருவரும் எந்தக் கேள்விக்கான எண் இது என்று கேட்க வேண்டும்.

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த நம்பிக்கையையும் அளவு சோதித்திருக்கிறது. 1956இல் பிரிட்டனில் ஃபாரெல் என்பவர், மென்ற உணவையும் மெல்லாத உணவையும் சின்னப் பருத்தி வலைப் பைகளில் வைத்து விழுங்கச் செய்து, மறுபுறம் வெளியே வந்த பையில் என்ன மிச்சம் என்று பார்த்தார். சோறு, ரொட்டி, முட்டை, மீன் போன்றவை மெல்லாமலே செரித்திருந்தன. சில இறைச்சிகளும் சில காய்களும் மிஞ்சின. அதாவது மெல்ல முடியாதவர் சோறு செரிக்காமல் வாடுவதில்லை. மெல்ல வேண்டிய காய், கறி, பயறு, கொட்டை ஆகியவற்றை விட்டுவிடுவதால் வாடுகிறார். ஜப்பானின் கஷிவா நகரில் 65 வயதைத் தாண்டிய சுமார் 2,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியான ஆய்வில், பல், மெல்லுதல், நாக்கின் விசை எனப் பல அம்சங்களில் வாய் நலிந்தவர்களுக்கு உடல் தளர்ச்சியும் இறப்பும் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தன. அங்கே மெல்லுதலை அளந்தது நிறம்மாறும் சூயிங்கம்தான். வாய் நலிந்ததால் உடல் தளர்ந்ததா, உடல் தளர்ந்ததன் ஒரு முகம்தான் வாயா என்பதை இத்தகைய ஆய்வு ஒன்றை வைத்து முடிவுகட்ட முடியாது. முன்கூட்டியே எச்சரிக்கும் அடையாளமாக எடுத்துக்கொள்ளப் போதும்.

தமிழ்நாட்டில் இதை எப்படிச் செய்வது? முதல் தடை சூயிங்கமே. வெற்றிலை மென்ற தலைமுறைக்கு, விழுங்காமல் ஒரு பொருளை மெல்லத் தெரியும். ஆனால் சூயிங்கம் பழக்கமில்லை, பல்செட்டில் ஒட்டிக்கொள்ளும், மறதி நோய் உள்ளவர் விழுங்கியும்விடலாம். உட்ரெக்டில் சூயிங்கத்துக்குப் பதிலாகச் சிவப்பும் நீலமுமான மெழுகு வில்லையைப் பயன்படுத்தினார்கள். அது பல்செட்டில் ஒட்டுவதில்லை. நம் பல் மருத்துவக் கல்லூரிகள் செய்து பார்க்க ஏற்ற பொருள். பாக்கு மென்று வாய்ச் சவ்வு இறுகி, இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்கு வாய் திறப்பு குறைந்துபோன நோயாளிகள் நம் நாட்டில் ஏராளம். வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் அப்படியே. ஐரோப்பிய ஆய்வுகளில் அதிகம் இடம்பெறாத இவர்களுக்குத் தனி அளவுகோல் வேண்டும்.

வீடு தேடிப் போகும் ஏற்பாடும் நம்மிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாசலில் பார்க்கப்படுகின்றன. பக்கவாதத்தில் படுத்தவருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கிறது. அப்படி வீட்டுக்குப் போகும் செவிலியரின் பையில் ஒரு மெழுகு வில்லை, ஒரு வெள்ளை அட்டை, ஒரு தெளிந்த பிளாஸ்டிக் பை கூடுதலாக வைப்பது கடினமல்ல. அவரிடம் போன் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் படத்தோடு இன்னொன்றும் பதிவாக வேண்டும்: கடந்த ஒரு வாரத்தில் நிலக்கடலை, பச்சைக் காய், கறி, கடினமான பழம் ஆகியவற்றில் எதைச் சாப்பிட்டார், எதை விட்டார், ஏன் விட்டார். பல்செட் மாட்டுவதற்கு முன்னும் மூன்று மாதம் கழித்தும் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியது, புதுப் பல்செட்டால் மெல்லும் எண் உயர்ந்தாலும் தட்டு தானாக மாறுவதில்லை என்பதுதான். பல ஆண்டுகளாகக் குழைந்த சாதத்துக்குப் பழகிய சமையலறைக்கு, இனிப் பொரியலைத் தைரியமாக வைக்கலாம் என்று யாராவது சொல்ல வேண்டும். அந்த யோசனை, சோதனை எடுத்த அதே செவிலியர் வாயிலிருந்து, சோதனை எடுத்த அன்றே, சமைப்பவர் காதில் விழ வேண்டும்.